பிக்கப் வண்டிக்குக் குளிர்ந்த வெளிக்காற்று: கத்தியை எடுக்கும் முன் படியுங்கள்

பண்ணாரி செக்போஸ்ட்டில் கால் மணி நேரம் நின்றுவிட்டுத் திம்பம் மலைப்பாதையில் ஏறினால், மொத்தம் உள்ள 27 வளைவில் நாலாவது வளைவிலேயே என் வண்டி திணறும். பின்னால் ஒன்றே கால் டன் மாட்டுத் தீவனம், வெளியே 36 டிகிரி வெயில், முதல் கியரை விட்டு மாற்ற முடியாது, கண்ணாடியில் பார்த்தால் கரும்புகை. சரக்கு வண்டிகளுக்கு இரவில் அந்தப் பாதையில் தடை. அதனால் பொழுது சாய்ந்த பிறகு குளுமையில் ஏறலாம் என்றாலும் வழியில்லை. பிக்கப் வண்டிக்கே பிக்கப் இல்லை என்று தாளவாடியில் முட்டைக்கோஸ் ஏற்றும் பையன்கள் சிரித்தார்கள்.

இஞ்சின் உள்ளே இழுக்கிற காற்றுதான் காரணம் என்று கண்டுபிடித்துச் சரிசெய்ய நாலு மாதம் ஆயிற்று. நடுவில் இரண்டு தடவை தப்பான பொருளை வாங்கி 4,750 ரூபாயைத் தொலைத்தேன். உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம். வழி தெரிந்தால் மூன்று நாள் வேலை, 5,000 ரூபாய்க்குள் முடியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதனால் வண்டி பறக்காது. காற்றின் சூடு 3 டிகிரி குறைந்தால் அதன் அடர்த்தி சுமார் 1 சதவீதம் கூடும், கணக்கு அவ்வளவுதான். லோடோடு மேடு ஏறுகிறவருக்கு, வெயிலில் நின்று நின்று போகிறவருக்கு வித்தியாசம் தெரியும். பைபாஸில் காலி வண்டியாக ஓட்டுகிறவர் இந்தக் காசுக்கு நல்ல ஃபில்டர் வாங்கிப் போடலாம்.

1. உங்கள் வண்டி எங்கிருந்து மூச்சு இழுக்கிறது?

பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் பாக்ஸைத் தேடுங்கள். அதிலிருந்து இரண்டு வழி போகும். ஒன்று, காற்றை அமுக்கி இஞ்சினுக்குள் தள்ளும் டர்போவுக்குப் போகும் ரப்பர் ஹோஸ். இன்னொன்று வெளிக்காற்றை உள்ளே விடும் வாய். ஃபில்டருக்கு முன்னால் உள்ளதெல்லாம் அழுக்குப் பக்கம், ஃபில்டருக்குப் பின்னால் டர்போ வரைக்கும் சுத்தப் பக்கம். இந்தக் கட்டுரையில் வேறு எது மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்க வேண்டாம்: கை வைப்பது அழுக்குப் பக்கத்தில் மட்டும். பாக்ஸைக் கழற்றி மாட்டுவதற்குத் தவிர, சுத்தப் பக்கத்தில் ஒரு கிளிப்பைக்கூடத் தளர்த்தாதீர்கள்.

இதை எனக்குச் சொன்னவர் திருச்செங்கோட்டில் ரிக் வண்டி பார்க்கும் மெக்கானிக். போர் போடும் இடத்தில் பறக்கிற கல்தூசிக்கு நடுவே நாள் முழுக்க இஞ்சினை ஓட்டவைக்கிறவர்கள் அவர்கள். ஏர் ஃபில்டரைப் பற்றி அவர்களிடம் கேட்பதுதான் சரி என்று எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. "காத்து எங்கிருந்து வேணா வரட்டுங்க. ஃபில்டருக்குப் பின்னாடி ஒரு ஊசி நுழையற சந்து இருந்தாப் போதுமுங்க, டர்போவும் போயிரும், ரிங்கும் போயிரும்" என்றார்.

இப்போது அந்த வாய் எங்கே பார்த்து நிற்கிறது என்று கவனியுங்கள். பல வண்டிகளில் கம்பெனியே அதை கிரில்லுக்குப் பின்னாலோ, சக்கரத்துக்கு மேலே உள்ள ஃபெண்டர் தகட்டுக்குள்ளோ கொண்டுபோய் வைத்திருக்கும். அப்படி இருந்தால் உங்களுக்கு இந்த வேலையே வேண்டாம். ஆனால் அந்த வாயில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் மூக்கு முழுசாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என் மச்சான் வண்டியும் இதே மாதிரி திணறியது. திறந்து பார்த்தால், முன்பு ஒரு தடவை முன்பக்கம் இடித்துப் பட்டறையில் விட்டபோது கழற்றிய பிளாஸ்டிக் மூக்கைத் திரும்ப மாட்டவே இல்லை. பாக்ஸ் நேராக ரேடியேட்டர் ஃபேன் தள்ளுகிற சூட்டைக் குடித்துக்கொண்டிருந்தது. 640 ரூபாய்க்கு ஒரிஜினல் துண்டு வாங்கி மாட்டினான், தீர்ந்தது.

என் வண்டியில் மூக்கு இருந்தது. அது ரேடியேட்டரின் மேல் விளிம்புக்குப் பின்னால் திரும்பி நின்றது. ஓடும்போது ஏதோ சமாளிக்கும். மெதுவாக ஏறும்போதும் நிற்கும்போதும் சுடுகாற்றுதான்.

2. அளந்து எழுதிக்கொள்ளுங்கள்

யாரும் செய்யாத வேலை இது. நானும் முதலில் செய்யவில்லை, அதனால்தான் காசு போயிற்று. வேண்டியது இரண்டு கருவி.

முதலாவது, வயரின் நுனியில் சென்சார் உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர். கோழிக்குஞ்சு விடும் ஷெட்டில் தொங்கவிடுவார்களே, அதேதான். 180 ரூபாய். சென்சாரைப் பாக்ஸின் வாய்க்குள் ஒரு விரல் ஆழத்தில் டேப் போட்டு ஒட்டி, வயரை பானெட் ஓரமாக எடுத்து கேபினுக்குள் கொண்டுவாருங்கள். டேப் கழன்று சென்சார் உள்ளே போய்விடாதபடி வயரை வெளியே ஒரு டை போட்டுக் கட்டிவிடுங்கள்.

இரண்டாவது, கொத்தனார் மட்டம் பார்க்கும் லெவல் டியூப், 3 மீட்டர். காற்று எவ்வளவு சிரமப்பட்டு உள்ளே போகிறது என்பதை இது காட்டும். ஃபில்டர் பாக்ஸைக் கழற்றி, அழுக்குப் பக்கத்து அரையில் மட்டும் 5 மி.மீ. துளை ஒன்று போட்டு, சொட்டு நீர்ப் பாசனத்துக்குப் போடுகிற நிப்பிளைச் செருகினேன். டியூபின் ஒரு முனை அதில். மறுமுனை திறந்தே இருக்கும். கேபினுக்குள் ஒரு பலகையில் டியூபை 'ப' எழுத்து மாதிரி வளைத்துக் கட்டி, பாதி அளவுக்கு மஞ்சள் கரைத்த தண்ணீர் ஊற்றினால் கருவி தயார். இஞ்சின் இழுக்க இழுக்க ஒரு பக்கத் தண்ணீர் ஏறும், மறுபக்கம் இறங்கும். இரண்டுக்கும் உள்ள உயர வித்தியாசத்தை ஸ்கேலால் அளக்க வேண்டும். பலகை ஒரு மீட்டர் உயரமாவது இருக்கட்டும், இல்லையென்றால் தண்ணீரைப் பாக்ஸ் குடித்துவிடும். அளந்து முடித்ததும் நிப்பிளை அடைப்பானால் மூடிவிடலாம்.

ஓட்டிக்கொண்டே ஸ்கேலைப் பார்க்காதீர்கள், அதுவும் மலைப்பாதையில். எனக்கு மச்சான் பையன் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொன்னான். வண்டி குலுங்கக் குலுங்கத் தண்ணீர் ஆடும். "ஆறுங்க மாமா... இல்லைங்க, ஏழு... ஆறுங்க" என்று அவன் கத்திக்கொண்டே வந்தான். நடுவாக ஒரு எண்ணை எழுதிக்கொண்டால் போதும்.

ஒரிஜினல் அமைப்பில் எனக்குக் கிடைத்தவை: செக்போஸ்ட்டில் ஐடிலில் நிற்கும்போது 68 டிகிரி, ஏற்றத்தில் 61, சமவெளியில் 70 கி.மீ. வேகத்தில் 47. தண்ணீர் வித்தியாசம் முழு ஆக்சிலரேட்டரில் 6 செ.மீ.

அளப்பதற்குச் சித்திரை, வைகாசிதான் நல்ல காலம். ஆடியில் அளக்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிறபோது எந்த வண்டியும் நல்ல வண்டிதான்.

3. மலிவான குறைகளை முதலில் தீருங்கள்

பழைய ஃபில்டரை மாற்றுங்கள். ரேடியேட்டருக்கும், டர்போ அமுக்கிய காற்றை ஆற வைக்கும் இன்டர்கூலருக்கும் முன்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். பல்லடம், திருப்பூர் பக்கம் ஓடும் வண்டியில் பஞ்சுத் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும், பொள்ளாச்சிப் பக்கம் என்றால் நார்த்தூள். தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவுங்கள். பிரஷர் வாட்டர் அடித்தால் தகடு மடங்கும். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகிற ஹோஸ் மூட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டியிருந்தால் அங்கே காற்று கசியலாம், மெக்கானிக்கிடம் காட்டுங்கள். இவ்வளவும் செய்தபின் திணறல் போய்விட்டால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

4. காகித வேலை

இதைத் தாண்டிக் குதித்துவிட்டு நேராகக் கடைக்குப் போகாதீர்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கும் ஆர்சியில் உள்ளதற்கும் மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ(4): அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நடைமுறையில் ஒரு ஹோஸுக்காக யாரும் ஜெயிலுக்குப் போகப் போவதில்லை என்று பட்டறையில் சொல்வார்கள். ஆனால் எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று) நாளில் வண்டியோடு நிற்கப் போவது நீங்கள், பட்டறைக்காரர் அல்ல.

பிஎஸ் 6 (புதிய புகைத் தரம்) வண்டி என்றால் என் யோசனை ஒன்றுதான்: வெட்ட வேண்டாம். காற்றின் அளவைப் பார்த்துத்தான் அதன் புகை வடிகட்டும் அமைப்பு முழுவதும் வேலை செய்கிறது. உடைந்த ஒரிஜினல் துண்டை மாற்றுங்கள், கிழிந்த ரப்பர் பீடிங்கை மாற்றுங்கள், அதோடு சரி. வாரண்டியில் உள்ள வண்டிக்கும் இதே பேச்சுதான். நாளைக்கு டர்போ போனால் இந்த ஹோஸைக் காட்டியே கிளெய்மை மறுப்பார்கள்.

என்னுடையது 2018 மாடல், பிஎஸ் 4, வாரண்டி முடிந்தது. நான் செய்தது இது. ஒரு வெள்ளைத் தாளில் விண்ணப்பம்: ஃபில்டர் பாக்ஸ், ஃபில்டர், சென்சார், இஞ்சின் எதையும் மாற்றவில்லை, காற்று எடுக்கும் வாயை மட்டும் கழற்றி மாட்டக்கூடிய ஹோஸ் மூலம் தள்ளி வைக்க விரும்புகிறேன், அனுமதி தேவையா என்று தெரிவிக்கவும். கூடவே ஆர்சி நகல், இன்சூரன்ஸ் நகல், புகைச் சான்று நகல், பானெட்டுக்குள் எடுத்த நாலு போட்டோ. ஆர்டிஓ அலுவலகத்தில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிக்கொண்டேன். பதினோரு நாள் கழித்து ஆய்வாளர் வண்டியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். ஆர்சி விவரம் எதுவும் மாறாததால் தனியாகப் பதிய வேண்டியதில்லை என்று அந்தத் தாளிலேயே எழுதிக் கொடுத்தார். அது என் வண்டிக்குச் சொன்னது. உங்களுடையதற்கு நீங்கள்தான் கேட்க வேண்டும். என் தாளைப் போட்டோ எடுத்துக்கொண்டுபோய் நீட்டினால் செல்லாது.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டு, வருகிற பதிலை பிரிண்ட் எடுத்து வையுங்கள். இது இலவசம். வேலை முடிந்த கையோடு புகைச் சோதனையும் ஒருமுறை செய்துவிடுங்கள். சான்று இன்னும் காலாவதி ஆகாவிட்டாலும், மாற்றத்துக்குப் பிறகு எடுத்த புதுச் சான்று கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடிகிறது. சரக்கு வண்டிக்கு எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எஃப்சி, அதற்குப் பிறகு வருஷா வருஷம். எஃப்சிக்கு இரண்டு மாதமே இருக்கும்போது இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

5. சிவப்புக் கூம்பு: நான் விழுந்த முதல் குழி

கோவையில் ஒரு கடையில், பாக்ஸையே எடுத்துவிட்டு இந்தக் கூம்பு ஃபில்டரை மாட்டினால் வண்டி சிங்கமாகிவிடும் என்றார்கள். 3,800 ரூபாய். ஆக்சிலரேட்டரை மிதித்தால் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கு ஒரு வாரம் நானும் மயங்கித்தான் கிடந்தேன்.

பிறகு தெர்மாமீட்டர் வாங்கி அளந்தால் ஏற்றத்தில் 70 டிகிரி. ஒரிஜினலைவிட 9 டிகிரி அதிகம்! பாக்ஸ் என்ற சுவர் போனதும் கூம்பு பானெட்டுக்குள் இருக்கிற சூட்டையெல்லாம் நாலு பக்கமும் இருந்து இழுக்கிறது. இன்னொரு தொல்லையும் வந்தது. அந்த ஃபில்டரில் எண்ணெய் தடவியிருப்பார்கள். அது காற்றை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சாரின் மெல்லிய கம்பியில் படிந்து, மீட்டரில் இஞ்சின் லைட் எரிந்தது. சென்சார் கழுவும் ஸ்பிரே 600 ரூபாய். நாற்பதாம் நாள் கூம்பைக் கழற்றி வீட்டுப் பரணில் போட்டேன். வாங்குகிறவர் யாராவது இருந்தால் கேட்காதீர்கள், உங்களுக்கு விற்க மனசு வராது.

6. காற்றை எங்கிருந்து எடுப்பது

மூன்று இடம் உண்டு. கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னால், ஓரமாக: குளிர்ந்த காற்று அழுத்தத்தோடு வரும், மழைத்தண்ணீரும் பூச்சியும் கூடவே வரும். ஃபெண்டருக்குள், சக்கரத்து பிளாஸ்டிக் லைனருக்கு மேலே: காற்று கொஞ்சம் மந்தம், ஆனால் பாதுகாப்பு. கேபின் உயரத்துக்கு வெளியே தூக்கி நிறுத்தும் ஸ்நார்க்கல்: தண்ணீருக்கு நல்லது, ஆனால் வண்டியின் வெளித்தோற்றமே மாறுவதால் காகித வேலை வேறு மாதிரி ஆகிவிடும்.

நான் ஹெட்லைட்டுக்குப் பின்னால், ஃபெண்டரின் மேல் மூலையில் வைத்தேன். முன்பக்கம் ஏற்கெனவே ஒரு சந்து இருந்ததால் தகரத்தை வெட்ட வேண்டியிருக்கவில்லை, பிளாஸ்டிக் லைனரில் ஒரு துளை மட்டும். பம்பர் உயரத்துக்குக் கீழே ஒருபோதும் இறக்காதீர்கள்.

7. பொருள்: நான் விழுந்த இரண்டாவது குழி

தோட்டத்தில் பார்த்த நினைப்பில், கிணற்று மோட்டாருக்குப் போடும் பச்சை சக்‌ஷன் ஹோஸையே 3 இஞ்சில் 350 ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன். முதல் நாள் அருமை. மூன்றாவது வாரம் மறுபடி திணறல். டியூபில் 11 செ.மீ. காட்டியது. பதினோராவது வளைவில் முழுசாக மிதித்தபோது பையன், "மாமா, பத்தொம்பதுங்க!" என்றான். வண்டியை ஓரங்கட்டித் திறந்தால், பானெட் சூட்டில் ஹோஸ் இளகி, வளைவில் மாட்டுக் காது மாதிரி மடிந்து கிடந்தது. நல்லவேளை அது அழுக்குப் பக்கம். இளகினாலும் ஓட்டை விழுந்தாலும் ஃபில்டர் காப்பாற்றும். இதே தப்பைச் சுத்தப் பக்கத்தில் செய்திருந்தால் இந்தக் கட்டுரையை டர்போ விலையோடு எழுதியிருப்பேன்.

வாங்க வேண்டியது சூடு தாங்கும், உள்ளே வழுவழுப்பான, கம்பி அல்லது துணி பொதித்த ரப்பர் அல்லது சிலிக்கான் ஹோஸ். உள்ளே அலை அலையாக இருந்தால் காற்று தடுமாறும். லாரி ஸ்பேர்ஸ் கடைகளில் கேளுங்கள். சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோட்டில் ரிக்குக்கும் லாரிக்கும் போடும் ஏர் ஹோஸும் முழங்கை வளைவும் தாராளமாகக் கிடைக்கும், கார் அலங்காரக் கடையைவிட விலையும் குறைவு. அளவுக்கு ஒரிஜினல் வாயை அளந்து பாருங்கள். என்னுடையது 9 செ.மீ.க்கு 5 செ.மீ., அதாவது 45 சதுர செ.மீ. 3 இஞ்ச் உள்விட்டக் குழாயும் ஏறக்குறைய அதே பரப்பு. இதைவிடக் குறையக்கூடாது. கூடினால் கெடுதல் இல்லை.

என் பில்: தெர்மாமீட்டர் 180, லெவல் டியூப் 75, ஹோஸ் ஒன்றரை மீட்டர் 1,450, லேத்தில் கடைந்த அலுமினிய வாய் 600, பாக்ஸுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தடுப்புத் தகடு 900, நாலு கிளிப் 240, கதவு பீடிங் 150, வலை 80, கூலி 1,200. மொத்தம் 4,875.

அலுமினிய வாய் எதற்கு என்று லேத்காரரும் கேட்டார். குழாயை வெட்டி அப்படியே விட்டால் காற்று அந்தக் கூரான விளிம்பில் திரும்பத் தடுமாறும். நாதஸ்வரத்தின் அணைசு மாதிரி விரிந்திருந்தால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். என் அளவில் அந்த ஒரு துண்டுக்கு மட்டும் ஒரு செ.மீ. குறைந்தது.

8. மாட்டும் நாள்

காலையில் இஞ்சின் ஆறியிருக்கும்போது தொடங்குங்கள். அரை நாள் போதும். பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிடுங்கள். பாக்ஸைக் கழற்றியதும் டர்போ ஹோஸின் வாயைச் சுத்தமான துணியால் இறுக்கிக் கட்டுங்கள். உள்ளே திணிக்காதீர்கள், வெளியே கட்டுங்கள், துணி தெரிகிற நிறத்தில் இருக்கட்டும். பட்டறையில் துணியை மறந்து ஸ்டார்ட் செய்த கதைகள் நிறைய.

துளை போடுவது, வெட்டுவது எல்லாம் பாக்ஸை வெளியே வைத்துத்தான். சுருள் தூள் ஒன்றுகூட உள்ளே தங்கக்கூடாது. சேஸி, பம்பர் கம்பி, ரேடியேட்டர் தாங்கி எதிலும் வெட்டு வேண்டாம். லைனரைத் துளைக்கும் முன் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, டயர் எங்கே வரை வருகிறது என்று சாக்பீஸால் குறியுங்கள். லோடு ஏறினால் வண்டி இறங்கும், அதற்கும் நாலு விரல் விடுங்கள். எக்ஸாஸ்ட்டுக்கும் டர்போவுக்கும் ஒரு சாணுக்குள் ஹோஸ் போகக்கூடாது, தீப்பிடிக்கும்.

தடுப்புத் தகட்டின் விளிம்பில் பீடிங் போட்டு, பானெட்டை மூடினால் அது மெல்ல அழுந்த வேண்டும். ஒரு ஐந்து ரூபாய் சாக்பீஸைப் பீடிங்கில் தேய்த்துவிட்டு பானெட்டை மூடித் திறந்தால், எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்று அடியில் கோடு காட்டிவிடும்.

9. தண்ணீர்

ஐப்பசி மழையில் கோவை லங்கா கார்னர் ரயில்வே பாலத்தின் அடியில் ஒரு தடவை மாட்டியவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் ஒரு டம்ளர் போனாலே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அந்தச் சேதத்தைச் சாதாரண பாலிசியில் வாங்குவது கஷ்டம், இஞ்சினுக்கென்று தனியாகச் சேர்த்த கவர் வேண்டும்.

குழாயை வாயிலிருந்து நேராகப் பாக்ஸுக்கு இறக்காதீர்கள். நடுவில் ஒரு இடம் தாழ்ந்து, பிறகு ஏறட்டும். தாழ்ந்த இடத்தின் அடியில் 6 மி.மீ. துளை. பாக்ஸின் அடியில் கம்பெனியே வைத்திருக்கும் வடிகால் ரப்பர் அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், என் வண்டியில் சேறு இறுகி அடைத்திருந்தது. மாட்டி முடித்ததும் இஞ்சினை நிறுத்திவிட்டு, ஃபில்டரை வெளியே எடுத்து வைத்துவிட்டு, வாயில் ஒரு சொம்புத் தண்ணீரை வீசிப் பாருங்கள். தண்ணீர் துளை வழியே கீழே சொட்ட வேண்டும், பாக்ஸின் தரை ஈரமாகக்கூடாது. ஈரமானால் வளைவை இன்னும் தாழ்த்துங்கள்.

இனிமேல் முழங்கால் தண்ணீரில் வண்டியை விடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

10. திரும்ப அளந்து பாருங்கள்

அதே வழி, அதே லோடு, முடிந்தவரை அதே நேரம். எனக்கு வைகாசியில், வெளியே அதே 36 டிகிரி இருந்த நாளில்: நிற்கும்போது 52, ஏற்றத்தில் 42, சமவெளியில் 38. தண்ணீர் 5 செ.மீ. ஏற்றத்தில் 19 டிகிரி குறைந்திருக்கிறது, கணக்குப்படி காற்று ஆறு சதவீதம் அடர்த்தி. பல வளைவுகளுக்கு நடுவே இரண்டாவது கியரிலேயே ஏறுகிறது, கரும்புகை நன்றாகக் குறைந்தது. மைலேஜ் லிட்டருக்கு 11.5-லிருந்து 11.8 ஆயிற்று. டேங்க் நிரப்பும் ஆள் மாறினாலே அவ்வளவு மாறும், அதனால் மைலேஜ் கூடிற்று என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.

தண்ணீர் அளவு முன்பைவிடக் கூடியிருந்தால், சூடு எவ்வளவு குறைந்திருந்தாலும் வேலை தோல்விதான். குழாய் சின்னது, இல்லை வளைவு அதிகம். இஞ்சின் லைட் எரிந்தால் அன்றே ஒரிஜினல் மூக்கை மாட்டிவிட்டு ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். இதற்காகத்தான் அந்த மூக்கைத் தூக்கி எறியாமல் சீட்டுக்குப் பின்னால் வைத்திருங்கள்.

11. அப்புறம் பார்த்துக்கொள்ள வேண்டியது

முன்பைவிட ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். முன்பக்கக் காற்றில் தூசி அதிகம். நான் மாற்றும் இடைவெளியைப் பாதியாக்கிவிட்டேன். பேப்பர் ஃபில்டரைத் தண்ணீரில் கழுவாதீர்கள். கம்ப்ரஸர் காற்றை வெளிப்பக்கமிருந்து அடித்தால் தூசி உள்ளேதான் போய்ப் பதியும். வாயில் போடும் வலை 6 மி.மீ. கண்ணாவது இருக்கட்டும். கொசுவலை மாதிரி போட்டால் திருப்பூர் பஞ்சு இரண்டே நாளில் அடைத்துவிடும்.

வலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். பூச்சிக்காகச் சொல்லவில்லை. ஊர் நோம்பிக்கு (திருவிழாவுக்கு) ஒரு வாரம் வண்டியைத் தோட்டத்துக் களத்தில் நிறுத்தியிருந்தேன். அன்றைக்குக் கழுவுவதற்காக வலையைக் கழற்றி வைத்துவிட்டு மாட்ட மறந்துபோனேன். திரும்ப எடுத்தபோது ஏனோ சந்தேகம் வந்து குழாயை உருவிப் பார்த்தால், தாழ்ந்த வளைவு முழுக்க நிலக்கடலை. இரண்டு படி தேறும். எலி ஒன்று அடுத்த கோடைக்கே சேர்த்து வைத்திருந்தது.